சோற்றுக்குள் புதைத்த முட்டை

பெண் வீட்டில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிடுவதற்கு ஒரு வாரம் ஒத்திகை பார்த்த ஒரே இன்ஜினியர் நானாகத்தான் இருப்பேன். கேம்பஸ் இன்டர்வியூவுக்குக்கூட இவ்வளவு மெனக்கெட்டதில்லை. அங்கே தேறாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

நான் ஹோம் பையன். அம்மாவுக்கு மலைமேல் தேயிலை எஸ்டேட்டில் வேலை. மேலே சின்னப் பள்ளிக்கூடம்தான். அதற்குமேல் படிக்கக் கீழே இறங்க வேண்டும், இறங்கினால் தங்க இடம் வேண்டும். திருநெல்வேலியில் சர்ச் நடத்துகிற ஹோமில் கொண்டுவந்து விட்டாள். எப்போதோ ஒரு பஞ்சத்தில் அனாதையான பிள்ளைகளுக்காகப் பாதிரிமார் கட்டியது. என் காலத்தில் அங்கிருந்த பாதிப் பேருக்கு அம்மாவோ அப்பாவோ இருந்தார்கள். பஞ்சம் போய்விட்டது, ஹோம் போகவில்லை. ஊருக்கு மட்டும் நாங்கள் எப்போதும் அனாதைப் பயலுவதான்.

அதனால்தான் அவள், கல்லூரியில் என்னோடு படித்து, என்ன கண்டாளோ என்னைக் காதலித்தவள், முன்கூட்டியே எச்சரித்தாள்.

"வீட்ல போர்டிங் ஸ்கூல்னு சொல்லி வச்சிருக்கேன். ஹோம் கீம்னு உளறிராத. டிவில ஹோம் பத்தி எதாவது வந்தாலே அப்பா பட்டுனு அணச்சிருவாரு. அவருக்கு ஆவாது. வேண்டாம்னுட்டார்னா அம்புட்டுதான்."

எனக்கு இருந்த ஒரே பயம் ஜெபம்தான். அவர்கள் வீட்டிலும் எங்கள் வீட்டிலும் கும்பிடுவது பிள்ளையாரைத்தான். ஆனால் ஹோமில் தட்டைக் கண்டாலே கண்ணை மூடி ஜெபித்துப் பழகிய உடம்பு இது. நெற்றியில் திருநீறு, வாயில் ஆமென். ஆகவே என் அறையில் தினமும் புரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்து வைத்து, கண்ணை அகல விரித்தபடி சாப்பிட்டுப் பழகினேன்.

"ஏலே, புரோட்டாவ ஏம்லே பேயப் பாத்த மாரி முறைக்க?" என்றான் உடன் தங்கியிருப்பவன்.

ஞாயிற்றுக்கிழமை ஆழ்வார்குறிச்சிக்குப் போனேன். அவள் அப்பா வாழைத் தோட்டம் வைத்திருப்பவர். மாமா என்று கூப்பிட நினைத்தேன், சார் என்றுதான் வந்தது.

"போர்டிங்ல சாப்பாடுல்லாம் எப்படி தம்பி?"

"காலைல பிரட், ஆம்லெட் சார். சாயங்காலம் ஜூஸ்."

குதிரையேற்றமும் உண்டு என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

இலை போட்டார்கள். அவள் அம்மா சோறு வைத்து, கறிக்குழம்பு ஊற்றி, ஓரத்தில் ஒரு அவித்த முட்டை வைத்தார். நான் கண்ணை அகல விரித்தேன். மூடவே இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று நிமிர்ந்து உட்கார்ந்து இலையைப் பார்த்தால், முட்டையைக் காணோம்.

என் கைதான். என்னைக் கேட்காமல் முட்டையைச் சோற்றுக்குள் புதைத்து மேலே மூடியும் விட்டிருந்தது. இடது கை இலையைச் சுற்றிக் காம்பவுண்ட் சுவர் மாதிரி வளைந்து கிடந்தது. ஹோமில் முட்டை தட்டில் தெரிந்தால் பெரிய பையன் எவனாவது தூக்கிவிடுவான். புதைத்து, சுற்றிலும் சோற்றைத் தின்று, கடைசியில் தோண்டி எடுக்க வேண்டும். கண்ணுக்கு ஒத்திகை கொடுத்த மடையன் கையை மறந்துவிட்டேன்.

கரண்டியோடு வந்த அவள் அம்மா நின்றுவிட்டார்.

"முட்ட எங்க தம்பி? இப்பத்தான வச்சேன்."

சாப்பிட்டுவிட்டேன் என்றிருக்கலாம். ஆம்லெட்டும் ஜூஸும் சொன்ன வாய் அப்போது பார்த்து, "உள்ள இருக்கு" என்றது.

அவர் என் இடது கையைப் பார்த்தார்.

"எந்த ஹோமு?"

"அம்மா, அது போர்டிங்..." என்றாள் இவள்.

"நீ சும்மா இருட்டி."

இனி மறைத்து என்ன? "சர்ச் ஹோம்" என்றேன்.

"நான் கவர்மெண்ட் ஹோம்" என்றார் அவர்.

மகள் வாயைத் திறந்தபடி நின்றாள். அப்பா தொண்டையைச் செருமினார். "இந்த வருசம் மழையக் காணலியே தம்பி."

"பேச்ச மாத்தாதிய."

"பிள்ளைக்குத் தெரியக் கூடாதுன்னு நீதானட்டி சொன்ன. அதுக்குத்தான டிவியக் கூட அணைக்கேன்."

"இப்ப நானே சொல்லுதேம்லா." என் பக்கம் திரும்பினார். "ஒங்களுக்கு எப்ப முட்ட போடுவாவ?"

"ஞாயித்துக்கெழம. அப்புறம் யாராவது பொறந்தநாளுன்னு சோறு போட வந்தா. அதுக்குப் பாட்டுப் பாடணும்."

"எங்களுக்குப் பாட்டு கெடையாது. ஆபீசர் வந்தா கை தட்டணும்."

"கல்யாணம் ஆன புதுசுல இவ மீன் துண்டச் சோத்துக்குள்ள பொதச்சி வச்சி, முள்ளு குத்தி அழுதா" என்றார் அப்பா.

"அழல. கண்ணுல தண்ணி வந்துச்சி." அவர் இன்னொரு முட்டையை எடுத்து என் சோற்றின் உச்சியில் வைத்தார். "இங்க யாரும் புடுங்க மாட்டாவ. மேல வச்சே தின்னுங்க."

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆம்லெட்டாம், ஜூஸாம்" என்றார். தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு அவரே, "அம்மா எப்ப மலைய விட்டு எறங்குவாவ? பேசணும்லா" என்றார்.

"அடுத்த ஞாயித்துக்கெழமயே கூட்டிட்டு வாறேன் மாமா" என்று சொல்லிவிட்டு, பூரிப்போடு இலையைப் பார்த்தேன்.

உச்சியில் இருந்த முட்டையைக் காணோம்.