நூற்றில் இரண்டு பங்கு

இதை எழுதுகிற ஜெகன் சின்னராசுவை முதன்முதலில் பார்த்தபோது, அவர் ஒரு ஆளைக் கழுத்தோடு பிடித்துக் காவாந்தண்டலம் குடிநீர்த் தொட்டிச் சுவரில் அழுத்திக்கொண்டிருந்தார். அந்த ஆளின் கால் கட்டைவிரல்கள் மட்டும்தான் தரையைத் தொட்டன. கொரோனா அடங்கிய வருடம் அது. பக்கத்திலுள்ள பெருநகர் கிராமத்தில் தன் தெருவுக்கே முதல் பட்டதாரியான ஜெகன், விலங்கியல் முடித்த கையோடு ஒரு ஆராய்ச்சிக்காக எச்சில் சேகரிக்கும் வேலையில் சேர்ந்து, பை நிறையக் குப்பிகளோடு அந்த ஊருக்கு வந்திருந்தான்.

சின்னராசு பிடியை விட்டார். விழுந்த ஆள் இருமிக்கொண்டே ஓடினான்.

"இன்னா பண்ணாருணா அவரு?"

"குரங்கு மூஞ்சின்னான். நாப்பத்தாறு வயசாச்சு தம்பி, இன்னும் எத்தினி பேர அடிக்கிறது, பேஜாரா கீது." கையைத் துடைத்துக்கொண்டு குப்பியைப் பார்த்தார். "இதுல இன்னா பண்ணணும்?"

"எச்சி துப்பணும்."

"யார் மூஞ்சில துப்பலாம்னு பாத்துக்கினு கீறேன், நீ குப்பில துப்பச் சொல்ற."

துப்பினார்.

சின்னராசுவுக்குக் கல்குவாரியில் சம்மட்டி வேலை. கண்ணுக்கு மேலே எலும்பு ஒரு வரப்பைப் போலத் தடித்து நீண்டிருக்கும். தாடை உள்ளே போயிருக்கும். நெஞ்சு நெல் குதிர் மாதிரி. அவருடைய அப்பா வேதகிரியோ ஒல்லி, முகம் வெற்றிலை மாதிரி மெலிந்தது. குவாரிக்கு வெடி வைக்க வந்த எவனுக்கோ பிறந்தவன் என்று ஊர் பேசியது. ஒன்பது வயதில் அதைக் காதால் கேட்ட அன்று, சொன்னவனின் இரண்டு பற்களைச் சின்னராசு கருங்கல் ஜல்லியால் பெயர்த்தார். அன்று தொடங்கியதுதான்.

அவருடைய வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. ஆடி மாதக் கடைசி ஞாயிறு, ஏரிக்கரையில் குலதெய்வத்துக்குப் பொங்கல். பதினோரு பங்காளி வீட்டாரும் வீட்டுக்கு ஒரு கை அரிசி கொண்டுவந்து ஒரே பானையில் போடவேண்டும். போட்டவன் பங்காளி. தத்துப் போனவனும் வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனவனும் போடக்கூடாது. வேறு வீட்டுப் பங்கைத் தொட்டவனுக்கு இங்கே கை கிடையாது. அந்தப் பங்கு அரைக்கால் ஆனாலும் சரி.

பத்து வயதில் சின்னராசு அரிசியோடு போனபோது சித்தப்பா கிருஷ்ணசாமி கையைத் தட்டிவிட்டார். வேதகிரி பொங்கல் கிண்டுகிற அகப்பையால் தம்பியின் வாயிலேயே அடித்தார். உதடு கிழிந்து இரத்தம் சொட்ட, அவர் மகனின் மணிக்கட்டைப் பிடித்து இன்னொரு கை அரிசியைப் பானையில் போடவைத்தார். அவர் இருந்தவரை யாரும் வாய் திறக்கவில்லை. கொரோனாவில் மூச்சு முட்டி அவர் போனார்.

அதனால்தான் சின்னராசு குப்பியைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டார். "நான் யாருக்குப் பொறந்தேன்னு இது சொல்லுமா?"

"அது வேற டெஸ்டுணா. அதுக்கு உங்க அப்பா எச்சியும் வேணும்."

"நைனாவ எரிச்சு வருசம் ஆவுது."

"இது ரொம்பப் பழைய கதை. நியாண்டர்தால்னு இன்னொரு மனுச வகை இருந்துச்சு. நாப்பதாயிரம் வருசத்துக்கு முன்ன அழிஞ்சிட்டாங்க. ஆப்பிரிக்காவுல இருந்து கெளம்பின நம்ம ஆளுங்க வழியில அவங்களோட கலந்தாங்க. அந்த ரத்தம் எவ்ளோ கீதுன்னு பாக்கறோம்."

"வழியில சண்டை போட்டாங்களா, கல்யாணம் கட்டிக்கினாங்களா?"

"ரெண்டும் நடந்திருக்கும்."

"நம்ம சனம்தான்," என்றார் சின்னராசு.

ஐந்து மாதம் கழித்து ஜெகன் முடிவுத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தான். நூற்றுக்கு ஒன்று புள்ளி எட்டு. "ரெண்டு பங்குன்னு வெச்சுக்கோங்க," என்றான். அது ஊரில் எல்லோரிடமும் இருக்கும் என்று அவன் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று தோன்றவுமில்லை. தாளின் பின்பக்கம் ஒரு நியாண்டர்தால் ஆளின் படம் அச்சாகியிருந்தது. தடித்த புருவ எலும்பு, உள்ளே போன தாடை.

சின்னராசு அதை டீக்கடையில் எல்லோருக்கும் காட்டினார். தன் மூஞ்சிக்கு நாற்பதாயிரம் வருடத்துக் கணக்கு இருக்கிறது என்பதில் அவருக்கு ஒரு மிதப்பு. தாள் கை மாறிக் கை மாறிக் கிருஷ்ணசாமியிடம் போய்ச் சேர்ந்தது.

ஆடிக் கடைசி ஞாயிறு. பானையில் உலை கொதித்தது. பத்து வீட்டார் அரிசி போட்டு முடித்திருந்தார்கள். சின்னராசு கையை நீட்டியபோது கிருஷ்ணசாமி குறுக்கே வந்து தாளை விரித்தார்.

"இன்னொரு சாதி சனத்தோட பங்கு ரெண்டு இவன்கிட்ட கீதுன்னு இவன் காகிதமே சொல்லுது. படத்தப் பாருங்க, அப்படியே இவன் மூஞ்சி. வேற பங்கத் தொட்டவனுக்கு இங்க கை கெடையாது."

பங்காளிகள் தலையாட்டினார்கள். வழக்கம் அதுதானே.

"சித்தப்பா, தள்ளு," என்றார் சின்னராசு.

"உங்கப்பன் இல்ல இப்போ, அகப்பைய எடுக்க."

சின்னராசு முன்னே நகர்ந்தார். கிருஷ்ணசாமியின் மகன் ராஜாராம் அடுப்பிலிருந்து எரிகிற கட்டையை உருவி அவர் நெற்றியில் ஓங்கி அடித்தான். தீப்பொறி பறந்தது. புருவம் பிளந்து இரத்தம் கண்ணை மூடியது. இரண்டாவது அடியும் அதே இடத்தில் விழுந்தது. அரிசி இருந்த வலது கையைச் சின்னராசு திறக்கவில்லை. இடது கையால் துழாவிச் சித்தப்பாவின் முழங்கையைப் பிடித்தார். அடுப்புக் கல்லின் விளிம்பில் அந்தக் கையைக் கிடத்தித் தன் முழு எடையோடு அழுத்தினார். கரும்பு முறிகிற சத்தம் கேட்டது. பானை கவிழ்ந்தது. கொதிக்கிற சோறு ராஜாராமின் பாதங்களில் கொட்ட, அவன் அலறிக்கொண்டு உட்கார்ந்தான். மற்றவர்கள் சின்னராசுவின் முதுகிலும் விலாவிலும் மிதித்தார்கள். மிதிபட்டுக்கொண்டே அவர் தவழ்ந்து போய், கவிழ்ந்த பானையில் மிச்சமிருந்த சோற்றுக்கு மேலே விரல்களைத் திறந்தார். அரிசி சிவப்பாக விழுந்தது.

அப்புறம்தான் மயங்கினார். அந்தத் தடித்த எலும்பு இல்லையென்றால் கண் போயிருக்கும் என்று செங்கல்பட்டில் தையல் போட்ட டாக்டர் சொன்னார்.

கையை முறித்ததற்காகச் சின்னராசு மேல் போட்ட வழக்கு மூன்று வருடம் நடந்தது. தீர்ப்புக்கு முன்னால் ஒரு நாள், உத்திரமேரூர் கோர்ட்டு வாசலில் சமாதானப் பேச்சு. கோணிப்போன கையை மடியில் வைத்துக்கொண்டு கிருஷ்ணசாமி சொன்னார்: "வேதகிரி புள்ள இல்லைன்னு ஒரு வரி எழுதிக் குடுக்கட்டும். கேஸ வாபஸ் வாங்கிக்கிறேன்."

சாட்சி சொல்ல வந்திருந்த ஜெகன் பையிலிருந்து ஒரு உறையை எடுத்தான். "பெரியவரே, நீங்களும் அன்னிக்குத் துப்புனீங்க. உங்க பேப்பர வாங்கிக்கவே இல்ல."

அவர் கண்ணாடி கொண்டுவரவில்லை. ராஜாராம் வாங்கி உரக்கப் படித்தான். "நூத்துக்கு ரெண்டு புள்ளி ஒண்ணு." படித்தபின்தான் அவனுக்கு உறைத்தது.

தையல் தழும்பு இழுக்க, சின்னராசு சிரித்தார். "எனக்கு ஒண்ணு புள்ளி எட்டுதான் தம்பி. சித்தப்பாவுக்குத்தான் பங்கு ஜாஸ்தி."

"துப்புன எல்லாருக்கும் கீது. எனக்கும் கீது," என்றான் ஜெகன். "புருவத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. நான் அப்பவே சொல்லியிருக்கணும்."

கிருஷ்ணசாமி நல்ல கையால் தாளைப் பிடுங்கிப் பல்லால் கடித்துக் கிழித்தார். "காகிதம் ஆயிரம் சொல்லும். மூஞ்சி இன்னா சொல்லுது?"

"அன்னிக்குக் காகிதம்தான சித்தப்பா பேசுச்சு?"

சின்னராசுவின் மனைவி தமிழ்ச்செல்வி அவர் சட்டையைப் பிடித்தாள். "ஒரு வரிதான மாமா. எழுதிக் குடுத்துட்டு வூட்டுக்கு வா. நீ யார் புள்ளைன்னு எனக்குத் தெரியும்."

"நைனாவுக்கும் தெரியும். அதனாலதான் எழுத மாட்டேன்."

வக்கீல் பேனாவை நீட்டினார். சின்னராசு அதை வாங்கி இரண்டாக ஒடித்து அவர் சட்டைப் பையிலேயே போட்டார். மை பரவி வெள்ளைச் சட்டை நீலமானது. மறுவாரம் தீர்ப்பு வந்தது. இரண்டு வருடம்.

இந்த ஆடியில் ஏரிக்கரைப் பானையில் பத்துக் கை அரிசிதான் விழுந்தது. சின்னராசு இப்போது வேலூர் சிறையில் இருக்கிறார். அங்கே போன முதல் நாளே, மூஞ்சியைப் பற்றிப் பேசிய ஒருவனின் மூக்கை உடைத்தார். பதிவேட்டில் தந்தை பெயர் வேதகிரி என்று இருக்கிறது. தண்டனையில் இன்னும் பதினான்கு மாதம் பாக்கி.