கிரேன் மணிக்குக் காவல் உட்கார்ந்தவள்

கொள்ளிடக் கரையில் பாலம் கட்டும் வேலையில் நான் கிரேன் ஓட்டினேன். தூக்கும் பளு அளவை மீறினால் அதில் மணி அடிக்கும். கீழே கல் சுமந்த சித்தாள் ஒருத்தி, புடவைமேல் ஆண் சட்டை போட்டிருப்பாள். மணியை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் கிரேனுக்கடியில் போவாள்.

ஒருநாள் சத்தம் காதைக் குடைகிறதென்று மேஸ்திரி மணியில் சாக்கைச் சுற்றிவிட்டான், மடையன். அவள் கூடையை இறக்கிவிட்டு உட்கார்ந்தாள்.

"அந்த மணி என்ன, உன் மாமனா?" என்றான்.

"மாமன் கூப்பிட்டா நான் திரும்பக்கூட மாட்டேங்க. இது கூப்பிட்டா ஓடுவேன். சாக்கை எடுங்க."

மற்ற பெண்களும் உட்கார்ந்தார்கள். நானே இறங்கிச் சாக்கைப் பிடுங்கி எறிந்தேன். பெண்கள் எழுந்து வேலைக்குப் போனார்கள்.

அடுத்த பளுவுக்கே மணி அடித்தது. முதலில் ஓடியவன் மேஸ்திரி. எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. எல்லாப் பெண்களும் கிரேனுக்கடியிலிருந்து வெளியே வந்துவிட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைத்தான் மேஸ்திரியாக வைத்திருக்க வேண்டும்.