தளபதிக்கு முதல் அயல்வீடு

மூன்ஸ்டர் நகருக்கு மேற்கே உள்ள எங்கள் ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், இடப்பக்கத்து வீட்டார்தான், 'முதல் அயல்வீடு' என்ற முறையில், கதவு கதவாகப் போய்ச் சொல்லவேண்டும். சொல்ல வந்தவருக்கு ஒரு சின்னக் கோப்பை சாராயம் ஊற்றுவார்கள். அவர் நின்றபடியே குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடப்பார். உறவோ பகையோ இதில் குறுக்கே வருவதில்லை. அந்த முறைப்படி லெப்டினன்ட் ஜெனரல் கொன்ராட் ஹால்ஸ்டன்பாகுக்கு முதல் அயல்வீடாக அமைந்தது, அடெல்ஹைட் வெஸ்லிங்கின் வீடு.

பிரிட்டிஷ்காரர்களின் சிறையிலிருந்து மீண்டு, மனைவிவழி வந்த வீட்டில் அவர் குடியேறியபோது அடெல்ஹைட் விதவை. அவள் கணவன் கிளெமென்ஸ் அவர் தளபதியாக இருந்த டிவிஷனிலேயே சிப்பாயாக இருந்தவன். போர் முடியவிருந்த ஏப்ரலில் படை ஊர்வழியே பின்வாங்கியது. கிளெமென்ஸ் ஓர் இரவு தன் வீட்டில் உறங்கினான். காலையில் பசுவைக் கறந்து வைத்துவிட்டுப் படையைத் தேடிப் புறப்பட்டான். வழியில் இராணுவப் போலீஸ் பிடித்தது. ஓடிப்போனவன் என்று தீர்ப்பானது. டிவிஷன் தளபதி ஒப்பமிட்டார். செங்கல் சூளைச் சுவரருகே சுட்டார்கள். அந்தச் சாவைக் கதவு கதவாகச் சொல்லக்கூடாது என்று உத்தரவு.

பின்னர் மாதா கோயில் முன் போரில் மாண்டவர்களுக்கு நினைவுக்கல் எழுந்தது. கிளெமென்ஸின் பெயர் அதில் இல்லை. தீர்ப்பை உறுதிசெய்தவரே அது பிழை என்று எழுதித் தந்தால் பெயரை வெட்டுகிறோம் என்றார் ஊர்மன்றத் தலைவர் அல்ஃபோன்ஸ் டெர்ஹார்ஸ்ட். மதுக்கடை நடத்தும் அவரும் அதே டிவிஷன்காரர்தான்.

அடெல்ஹைட் வேலியருகே போய்க் கேட்டாள். தளபதி ஒருநாளும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. அதுதான் அவளை அதிகம் எரியவைத்தது. முதலில் உடல்நலம் தேறட்டும் என்றார். பிறகு வக்கீலைக் கேட்கவேண்டும் என்றார். கடைசியில், தம் வரலாற்றை எழுதிவருவதாகவும் அந்த அத்தியாயம் வரும்போது பார்க்கலாம் என்றும் சொன்னார்.

ஒவ்வொரு கோடையிலும் பழைய அதிகாரிகள் வந்து, பிளம் மரத்தடியில் காபியும் கேக்குமாக அமர்ந்து, அவருடைய இராணுவ வாழ்க்கையை முதலிலிருந்து பேசுவார்கள். வேலிக்கு இப்பால் பீன்ஸ் பறித்தபடி கேட்டுக் கேட்டு அது அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. மீசை அரும்பாத வயதில் பயிற்சி வீரர், முதல் போரில் தோளில் குண்டு, சமாதானக் காலத்தில் காலாட்படைப் பள்ளி ஆசிரியர், ரஷ்யாவில் முதலில் ரெஜிமென்ட், பிறகு டிவிஷன், டினீப்பர் ஆற்றுப் பாலத்தை விடாமல் காத்ததற்காகக் கழுத்தில் சிலுவைப் பதக்கம், அப்புறம் ரைன் ஆறு. ரைனைக் கடந்ததும் யாராவது இன்னொரு துண்டு கேக் கேட்பார்கள். பேச்சு மறுபடி சிறையில் தொடங்கும். இடையிலிருந்த ஏப்ரலில் அவர்கள் ஒருவரும் கால் வைத்ததில்லை.

கடைசியாக அவள் கேட்டது ஓர் இலையுதிர்காலத்தில்.

"அத்தியாயம் எதுவரைக்கும் வந்திருக்கு, ஜெனரல் ஐயா?"

"டினீப்பர்ல நிக்குதும்மா."

"போன வருசமும் அங்கதான நின்னீங்க. ரஷ்யாக்காரன்கூட உங்கள அங்க இவ்வளவு நாள் நிக்க விடலையே."

அவர் சிரிக்க முயன்று, பிறகு சிரிப்பை விட்டார். "அன்னிக்கு நான் ஒருத்தன விட்டிருந்தா, மறுநாள் பாதி டிவிஷன் வீட்டுக்குப் போயிருக்கும்."

"போயிருந்தா பாதிப் பேராவது உசுரோட இருந்திருப்பாங்க."

தளபதி தொப்பியைக் கழற்றித் தலைதாழ்த்திவிட்டு உள்ளே போனார். பிப்ரவரியில் நுரையீரல் காய்ச்சலில் இறந்தார். வரலாறு டினீப்பரிலேயே நின்றுவிட்டது.

அவர் மகள் வந்து, சாவு சொல்ல வேறு யாரையாவது அனுப்பிக்கொள்வதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். முறை தன்னுடையது என்று சொல்லி அடெல்ஹைட் கறுப்புக் கோட்டை மாட்டினாள். இத்தனை ஆண்டு காத்திருந்தது இப்படிக் கைநழுவிய ஆத்திரத்தில் பொத்தான்கூட ஒழுங்காகத் துளையில் ஏறவில்லை.

முதலில் மதுக்கடை. தளபதி காலமானதையும் வியாழக்கிழமை அடக்கம் என்பதையும் சொன்னாள். டெர்ஹார்ஸ்ட் ஊற்றினார், குடித்தாள், ஆனால் நகரவில்லை.

"என் புருசன் கிளெமென்ஸ் வெஸ்லிங்கும் காலமாயிட்டார். ஏப்ரல் மாசம், சூளைக்கிட்ட. அப்ப சொல்ல விடல. இப்பச் சொல்றேன்." காலிக் கோப்பையை நீட்டினாள்.

"இன்னிக்கா இதெல்லாம், அக்கா? செத்தவருக்கு ஒரு மரியாதை வேணாமா?"

"செத்தது ரெண்டு பேரு, அல்ஃபோன்ஸ். நீ ஒருத்தருக்குத்தான் ஊத்தியிருக்க. கடை வச்சிருக்கிறவனே இவ்வளவு கஞ்சனா இருந்தா எப்படி?"

அவர் குப்பிக்குத் தக்கையை அடைத்தார்.

வீடு வீடாக அதையே சொன்னாள். சிலர் தரையைப் பார்த்தார்கள். ஒருத்தி, குடித்தது தலைக்கேறிவிட்டதா என்று கேட்டாள். ஒரு வீட்டில் அவள் பேசி முடிப்பதற்குள் கதவு சாத்தப்பட்டது. ஊர்க்கோடிப் பண்ணையில் தியோ கெம்பர் மட்டும் இரண்டாவது கோப்பையை நிரப்பினார். பிறகு, சாவுச் செய்தி கேட்ட எவரும் கேட்பதை, பழக்கத்தில் அவரும் கேட்டார்.

"அடக்கம் என்னிக்கு, அக்கா?"

கிளெமென்ஸ் சூளைக்குப் பின்னால் எங்கோ அடையாளமின்றிக் கிடந்தான். அவள் குடித்துவிட்டுக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள்.

"பேர வெட்டுற அன்னிக்கு," என்றாள். "அதுவரைக்கும் இந்த ஊர்ல யாரு சாவு சொல்லக் கிளம்பினாலும், நானும் கூடவே போயி இதையும் சேத்துத்தான் சொல்லுவேன்."