வாங்க வேண்டாம் என்று சொல்லும் தரகர்

வீட்டுத் தரகர் என்றால் ஓட்டை வீட்டை அரண்மனை என்று சொல்லி நம் தலையில் கட்டுகிறவர் என்றுதான் உலகம் நினைத்துக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் அதில் தப்பும் இல்லை. ஆனால் அந்த ஊரில் ஒருவர் இருந்தார். வீடு வாங்க வருகிறவர்களிடம் "வேண்டாம், போங்க" என்று சொல்லியே முப்பது வருஷம் பிழைத்தவர். இடுப்பில் எப்போதும் நாற்பது ஐம்பது சாவிகள் தொங்கியதால் அவருக்குக் கொத்துச்சாவி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர், பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போடும்போதுதான் அவருக்கே ஞாபகம் வரும்.

பத்தொன்பது வயதில் அக்காவின் பின்னால் இந்த ஊருக்கு வந்தவர் அவர். அத்தானுக்கு சைக்கிள் தொழிற்சாலையில் பெயின்ட் அடிக்கிற பிரிவில் வேலை. தொழிற்சாலைக்குப் பின்பக்கத் தெருவில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஐந்து வீடுகள். மூன்றாவது வீட்டில் குடித்தனம். முன்னறை ஒன்று, சமையலறை ஒன்று, பின்னால் ஐந்து வீட்டுக்கும் பொதுவாக ஒரு குழாய். முன்னறையில் ஒருவர் காலை நீட்டினால் இன்னொருவர் மடக்கிக்கொள்ள வேண்டும். அந்த வீட்டில் மூன்று பேரும் ஆறு வருஷம் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்று கேட்டால் உருப்படியாக ஒரு காரணமும் சொல்ல முடியாது. அத்தான் வேலை முடிந்து வரும்போது காது மடலில் பச்சையோ சிவப்போ ஒட்டியிருக்கும். "இன்னைக்குப் பச்சை சைக்கிளா?" என்பாள் அக்கா. தினமும் அதே கேள்விதான். தினமும் அதற்குச் சிரிப்பார்கள்.

அப்போது அந்த ஊரில் வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆறாயிரம் பேருக்கு வேலை, நாளுக்கு மூன்று ஷிஃப்ட், மூன்று சங்கு. ஒரு கட்டிலை மூன்று பேர் வாடகைக்கு எடுத்தார்கள். ஒருவன் எழுந்து வேலைக்குப் போனால், வேலை முடிந்த இன்னொருவன் வந்து அதே சூட்டில் படுப்பான். தலையணை மட்டும் அவரவர் சொந்தம். எந்த அறையில் எந்தக் கட்டில் எத்தனை மணிக்குக் காலியாகும் என்று தம்பிக்கு அத்துப்படி. குறட்டை விடுகிறவனைக் குறட்டை விடுகிறவனோடுதான் சேர்ப்பார். அப்படித் தொடங்கியதுதான் தரகு.

பிறகு ஒரு திங்கட்கிழமை சங்கு ஊதவில்லை. அடுத்த வாரமும் ஊதவில்லை. தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். ஒவ்வொரு குடும்பமாக மூட்டையைக் கட்டியது. அத்தானும் அக்காவும் கைக்குழந்தையாக இருந்த பையனைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போனார்கள். "நீயும் வாடா" என்று அக்கா எவ்வளவோ கெஞ்சினாள். "சாவியெல்லாம் எங்கிட்ட இருக்கேக்கா" என்றார் இவர். வீட்டுக்காரர்கள் போகிற போக்கில் இவர் கையில்தான் சாவியைத் திணித்துவிட்டுப் போனார்கள். ஊர் காலியாகக் காலியாக இவர் இடுப்பு கனத்தது.

காலியான ஊருக்கும் ஆட்கள் வரத்தான் செய்தார்கள். வெளியூரில் ஒரு குளியலறை கட்டுகிற காசுக்கு இங்கே ஒரு வீடே வாங்கலாம் என்று யாரோ கிளப்பிவிட, காரில் வந்து இறங்கினார்கள். அதில் ஒருவர் ஒரே மூச்சில் ஒன்பது வீடு கேட்டார். சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்து, "நல்ல கெட்டிக் கட்டடம்!" என்று வாயைப் பிளந்தார்.

"சார், சுவரா வாடகை கொடுக்கப்போகுது?" என்றார் கொத்துச்சாவி. "குடி வர்றவனுக்குச் சம்பளம் எங்கேருந்து வருதுன்னு பாருங்க முதல்ல. நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு இந்தத் தெருமுனைல நில்லுங்க. எத்தனை பேர் குளிச்சு முடிச்சு வேலைக்குக் கிளம்புறாங்கன்னு எண்ணுங்க."

அந்த மனிதரும் சொன்னபடி நின்றார். ஒன்பது மணி வரை நின்றதில் இரண்டு கிழவர்களும் ஒரு நாயும் போனார்கள். பிறகு கொத்துச்சாவியே அவரை ஆஸ்பத்திரிக்குப் பின்னால் அழைத்துப்போய் இரண்டே இரண்டு வீட்டைக் காட்டினார். "இதை வாங்குங்க. நர்ஸுங்க குடி வருவாங்க. ஊர் எப்படிப் போனாலும் ஆஸ்பத்திரி இருக்கும். வருஷத்துல ரெண்டு மாசம் பூட்டியே கிடக்கும்னு வெச்சுக்குங்க. கூரைக்குன்னு தனியா கொஞ்சம் எடுத்து வைங்க. ஒழுங்கான ஆள் குடி வந்துட்டா வாடகையை ஏத்துறேன்னு மட்டும் கிளம்பிடாதீங்க. இந்த ஊர்ல வீட்டுக்குப் பஞ்சமில்லை, ஆளுக்குத்தான் பஞ்சம்." ஒன்பது வீட்டுக் கமிஷனை இப்படித் தூக்கி எறிந்த தரகரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் அவர் சொல்லி வாங்கியவர் யாரும் கையைச் சுட்டுக்கொண்டதில்லை. அதனால்தான் ஆட்கள் அவரையே தேடி வந்தார்கள்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்குப் போன வருஷம் ஒரு சோதனை வந்தது. அக்கா ரூபத்தில் வந்தது.

அத்தான் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவர் விட்டுப்போன சேமிப்பு அக்கா பெயரில் வங்கியில் இருந்தது. அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். பழைய வரிசை வீடு ஐந்தும் விலைக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, பெட்டியோடு வந்து இறங்கிவிட்டாள். "ஒண்ணுல நான் இருந்துக்கறேன். நாலை வாடகைக்கு விட்டா என் செலவுக்கு ஆச்சு. என்னடா சொல்றே?"

கொத்துச்சாவி வழக்கம்போல "வேண்டாம்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "போய்ப் பாக்கலாம்க்கா" என்றார்.

வரிசை வீட்டின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற வாத்தியார். வாசலிலேயே காத்திருந்தார். "அஞ்சுல மூணு வீட்ல ஆள் இருக்காங்கம்மா. எல்லாரும் வேலைக்குப் போயிருக்காங்க" என்றார். மூன்று வாசலிலும் செருப்புகள் கிடந்தன. பின்பக்கம் கொடியில் துணி காய்ந்தது.

மூன்றாம் வீடு காலி. உள்ளே நுழைந்ததும் அக்காவுக்கு இருபத்தைந்து வயது ஆகிவிட்டது. கண்ணாடி மாட்டிய ஆணி அதே இடத்தில் இருந்தது. சமையலறை ஜன்னலின் கீழ்ச்சட்டத்தில், அத்தான் மிச்சப் பெயின்டில் அடித்த பச்சைக் கோடு கூட மங்கலாகத் தெரிந்தது. அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். கொத்துச்சாவியும் பக்கத்தில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கூரையைப் பார்க்கவில்லை, குழாயைத் திறந்து பார்க்கவில்லை, ஊருக்கெல்லாம் சொல்கிற ஒன்றையும் அவர் செய்யவில்லை.

பின்பக்கம் போன அக்கா அங்கிருந்து கூப்பிட்டாள். "டேய், இங்க வா! இதைப் பாரேன்!"

கொடியில் ஒரு நீலச் சட்டை தொங்கியது. பையில் சைக்கிள் தொழிற்சாலையின் சின்னம். "இன்னும் நம்ம ஆளுங்க இங்க இருக்காங்கடா" என்றாள் அக்கா. சட்டையின் கையைப் பிடித்துக்கொண்டு, அது அத்தானுடையதே என்பதுபோல் நின்றாள். கண்ணில் தண்ணீர்.

தொழிற்சாலையை மூடி முப்பது வருஷம் ஆகிறது. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு யார் எங்கே வேலைக்குப் போவான்? சட்டையில் ஈரம் இல்லை, தோள்பட்டை வெயிலில் வெளுத்திருந்தது. காலி வீட்டு வாசலில் பழைய செருப்பைப் போட்டு, கொடியில் யாருடைய துணியையோ தொங்கவிட்டால் வாங்க வருகிறவன் ஏமாறுவான். அந்த வித்தையை இந்த ஊரில் கண்டுபிடித்ததே கொத்துச்சாவிதான். தொழிற்சாலை மூடிய புதிதில், வயிற்றுப்பாட்டுக்காக இரண்டு மூன்று தடவை செய்திருக்கிறார். பிறகு வெட்கப்பட்டு விட்டுவிட்டார். வாத்தியார் விடவில்லை போலிருக்கிறது.

ஐந்து வீடும் காலி. அக்காவின் பணம் முழுவதும் இங்கே வந்து விழுந்தால் விழுந்ததுதான். அது தெரிந்தும் கொத்துச்சாவி வாயைத் திறக்கவில்லை.

"நாளைக்கு வந்து அட்வான்ஸ் கொடுத்துடறேன்" என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டு அக்கா நடந்தாள். வழியெல்லாம் பழைய கதை பேசிக்கொண்டே வந்தாள். இவர் ம் கொட்டிக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலை அக்கா கைப்பையோடு கிளம்பி நின்றபோது அவரால் தாங்க முடியவில்லை. கீழே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். செருப்பு, சட்டை, தன் பழைய வித்தை உட்பட.

அக்கா அவரையே பார்த்துக் கேட்டாள். "நேத்து அந்தச் சட்டையைப் பிடிச்சுட்டு அழுதப்ப நீ பக்கத்துலதானே நின்னே?"

"நின்னேன்."

"ஊரான் வீட்டுப் பணம்னா வேண்டாம் வேண்டாம்னு சொல்ற. என் பணம்னா வாய் வரலையாடா?"

"நீ இங்கயே வந்துடுவேன்னு ஆசைக்கா" என்றார் அந்த ஐம்பத்தைந்து வயது மனிதர். "நீ போனதுலேருந்து இந்த ஊர்ல என்னை 'டா' போட ஆளில்லை."

அக்காவின் கோபம் அதோடு பாதி இறங்கிவிட்டது. மீதியை முகத்தில் வைத்துக்கொண்டு கைப்பையைக் கீழே வைத்தாள். வாங்க வருகிற எல்லோரிடமும் முதலில் கேட்கிற கேள்வியைக் கொத்துச்சாவி அப்போதுதான் அவளிடம் கேட்டார். "சரி, உனக்கு எதுக்குக்கா வீடு?"

"எம்மவன் நல்லவன்டா. மருமக அதுக்கு மேல. ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா ஒரு டம்ளர் வெந்நீர் வைக்கலாம்னு எழுந்தாலும், 'நீங்க உக்காருங்கம்மா, நான் தர்றேன்'னு ஓடி வர்றா. எந்தப் பாத்திரம் எங்க இருக்குன்னு இன்னும் எனக்குத் தெரியாது. உங்க அத்தான் இருந்தவரைக்கும் ரெண்டு விருந்தாளி. இப்ப நான் ஒருத்தி." கைப்பையை ஓரமாகத் தள்ளி வைத்தாள். "யாரையும் கேக்காம ஒரு அடுப்பைப் பத்த வைக்கணும். அவ்வளவுதான்டா."

கொத்துச்சாவி தலையில் அடித்துக்கொண்டார். "இதுக்கா அஞ்சு வீடு? வாடகைக்கு இருந்துட்டுப் போயேன்!"

"இந்த வயசுலயா? வாடகைக்கா?"

"இந்த ஊர்ல வீடு வெச்சிருக்கவன்தான்க்கா தூக்கம் கெட்டுக் கிடக்கணும். குடியிருக்கறவங்க ராணி மாதிரி. பணம் வங்கியிலயே கிடக்கட்டும். பிடிக்கலைன்னா பூட்டிச் சாவியைக் கொடுத்துட்டுப் போயிட்டே இரு. ஆஸ்பத்திரிக்குப் பின்னால நல்ல வீடு ஒண்ணு இருக்கு."

"அதெல்லாம் வேண்டாம். மூணாம் வீடுதான்" என்றாள் அக்கா.

வாத்தியாரிடம் அவளே பேசினாள். அவர் சொன்ன வாடகையைப் பாதியாக்கினாள். கூரையைச் சரி செய்து தர வேண்டும், குழாய்க்குப் புது வாஷர் போட வேண்டும் என்றாள். வாத்தியார் முனக ஆரம்பித்தபோது, "அந்த நீலச் சட்டையை எடுத்துடுங்க வாத்தியாரே, நான் நிஜத் துணி காயப் போடணும்" என்றாள். வாத்தியார் போய்க் கொடியிலிருந்து சட்டையை எடுத்தார். ஒரு மாத வாடகையைக் கமிஷனாக வாங்குவது கொத்துச்சாவியின் வழக்கம். அக்கா முறைத்த முறைப்பில் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

குடி வந்த பத்தாம் நாள் மகன் போன் செய்தான். கொத்துச்சாவி முன்னறையில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். போனில் மகனின் குரல் அவருக்கும் நன்றாகக் கேட்டது. "ஏம்மா, எங்களுக்கு அசிங்கமா இருக்கும்மா. எப்பம்மா வீட்டுக்கு வர்றே?"

அக்கா கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னாள். "வீட்லதானேடா இருக்கேன். நீங்க எப்ப வர்றீங்க?"