வாசலுக்கு நேரே ஒரு லைவ் ஓக்

மார்ச் மாதத்தில் உங்கள் வீட்டு மரம் இலையைக் கொட்டினால் யாரிடம் கேட்பீர்கள்? மரம் அறிந்தவரிடமா, ஊரில் இருக்கும் வாஸ்துக்காரரிடமா? சிரிக்காதீர்கள். டெக்சஸின் ஃபிரிஸ்கோவில் மரம் பார்க்கும் ஜெயகுமாரியை மார்ச்சில் அழைப்பவர்களில் பாதிப் பேர் வாஸ்துக்காரரிடம் கேட்டு முடித்தவர்கள்.

பிக்கப் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்து, ரம்பத்தின் பற்களை மருந்தில் நனைத்த துணியால் துடைத்துக்கொண்டேதான் அவர் பேசுவார். ஒரு மரத்தில் பட்ட ரம்பம் துடைக்காமல் இன்னொரு மரத்தில் படக்கூடாது. "டாக்டரு ஊசிய மாத்தாம குத்துனா சும்மா விடுவியளா?" ஐம்பத்து நான்கு வயது, மார்த்தாண்டத்துக்காரர். பக்கத்து ரிச்சர்ட்சனில் பதினேழு வருடம் மென்பொருளில் பிழை தேடினார். ஒரு வெள்ளிக்கிழமை நிறுவனம் நாற்பது பேரோடு அவரையும் வெளியே அனுப்பியது. மரப் பராமரிப்புத் தேர்வு எழுதினார். "அங்கயும் பக் தேடுனேன், இங்கயும் பக் தேடுதேன். இங்க உள்ளதுக்குக் காலு உண்டு, அவ்வளவுதான்."

வண்டியில் எப்போதும் லைவ் ஓக் என்னும் டெக்சஸ் மரத்தின் காய்ந்த துண்டு ஒன்று கிடக்கும். மரம்தானே என்று யாராவது அலட்சியமாகச் சொன்னால், சுத்தியலையும் ஆணியையும் கையில் கொடுப்பார். ஆணி வளையும். அவர் வயிறு குலுங்கச் சிரிப்பார். "அந்தக் காலத்துப் போர்க்கப்பலுக்கு இதுதான் விலா எலும்பு, கேட்டியளா?"

இந்த மார்ச்சில் அழைத்தவர் கோபாலசாமி. கோவைக்காரர், வங்கி மென்பொருள் வேலை. சுற்றிலும் குச்சி குச்சியாகக் கன்றுகள் நிற்கும் புதிய குடியிருப்பில், அவர் வீட்டு முன்னால் மட்டும் ஒரு பழைய லைவ் ஓக். அந்த நிழலைப் பார்த்துத்தான் அவர் மனைவி வான்மதி வீட்டைத் தேர்ந்தெடுத்தார். ஜெயகுமாரி வந்து இறங்கியதும் கோபாலசாமி தொடங்கினார்.

"ஏனுங்க ஆன்ட்டி, வாசலுக்கு நேரா மரம் நின்னா வாசல் குத்துங்களாம், வீட்டுக்கு ஆகாதுங்களாம். பதினோரு வருசமா கிரீன் கார்டு வரலீங்க. இப்ப மரமே பட்டுப்போச்சு. சனிக்கிழமை எடுத்துப்போடலாமுங்க."

"வீடு வாங்கி எத்தன வருசம்?"

"ரெண்டுங்க."

"அப்போ மிச்ச ஒம்பது வருசம் எந்த மரம் தடுத்துச்சு?"

கோபாலசாமி உதிர்ந்து கிடந்த இலைகளைக் காலால் ஒதுக்கினார். பிறந்த நாட்டைப் பார்த்து மனிதர்களை வரிசையில் நிறுத்தும் சட்டத்தை நாம் ஒரு கேள்வி கேட்க மாட்டோம். வாயில்லாத மரத்தையும், அதை விரும்பிய பெண்ணையும் கூண்டில் ஏற்றுவோம். கோவையிலிருந்து வான்மதியின் மாமியார் வீடியோ அழைப்பில் தினமும் ஏற்றிக்கொண்டிருந்தார்: "அவ பாத்த வீடுதானே!"

ஜெயகுமாரி தாழ்ந்த கிளையொன்றை வளைத்தார். "நகத்தால கீறிப் பாரு மக்களே," என்றார் வான்மதியிடம். பட்டைக்கு அடியில் ஈரமாகப் பச்சை தெரிந்தது. வருடமெல்லாம் பச்சையாக நிற்கும் இந்த மரம், மார்ச்சில்தான் பழைய இலையை உதிர்த்துப் புது இலைக்கு இடம் கொடுக்கும்.

"இந்தாங்க, உங்க கிரீன் கார்டு!" என்று கணவரிடம் காட்டிச் சிரித்தார் வான்மதி. அவர் சிரிக்கவில்லை. வேறு ஆளைக் கூப்பிடுவதாக முனகினார்.

"யாரக் கூப்பிட்டாலும் பிப்ரவரியிலருந்து ஜூன் வரைக்கும் ஓக்குல கத்தி வைக்கப்பிடாது," என்றார் ஜெயகுமாரி. "வெட்டுன காயத்துல வண்டு நோயக் கொண்டுவரும். வேரு வழியா அடுத்த வீட்டு மரத்துக்கும் போவும். அது செத்தா யாரு பதில் சொல்லுவா?"

"அடுத்த வீட்டுக்காரரு வக்கீலுங்க," என்று தலையைச் சொறிந்தார் கோபாலசாமி.

"பொறவென்ன? ஜூலை ஒண்ணாந்தேதி நானே வாறேன்."

ஜூலை வரை காத்திருக்க வேண்டி வரவில்லை. ஏப்ரலில் கோபாலசாமியே அழைத்தார். "ஆன்ட்டி, மரம் பொழச்சுக்கிச்சுங்க! உடனே வாங்க!"

ஜெயகுமாரி போய்ப் பார்த்தால், தளதளவென்று புது இலை. தண்டைச் சுற்றி இறுக்கிக் கட்டிய மஞ்சள் துணி, அதன்மேல் குங்குமம். ராசியான மரம் என்று வாஸ்துக்காரர் மாற்றிச் சொல்லிவிட்டாராம். கோபாலசாமி கைகூப்பி நின்றார்.

"போன மாசம் கொலகாரன், இந்த மாசம் சாமியா? அத மரமா மட்டும் இருக்க விடமாட்டியளா?" ஜெயகுமாரி துணியை அவிழ்த்து வான்மதியிடம் கொடுத்தார். பிறகு அடிமரத்தைக் காட்டினார். இதற்கிடையே தோட்ட வேலைக்கு வந்தவர்கள் அழகுக்காக முழங்கால் உயரத்துக்கு மரச்சிராயைக் குவித்திருந்தார்கள். "அடி மூடிக் கெடக்கு. மூச்சு முட்டுதுல்லா? வாரிப் போடுங்க."

சலவை மடிப்புக் கலையாத பேன்ட்டோடு கோபாலசாமி மரத்தின் முன் மண்டியிட்டார். இரண்டு கையாலும் சிராயை வாரி வாரித் தள்ளினார். விரிந்த வேர்கள் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வந்தன. தலை நிமிராமலே சொன்னார்: "நல்ல மரமாத்தான் பாத்திருக்கறே, வானு."

உங்கள் வாசல் மரத்தின் அடியையும் யாராவது அழகுக்காக மூடி வைத்திருப்பார்கள். இன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே போய், கையால் விலக்கிவிடுங்கள்.