மருந்துக் கையோடு தட்டினேன்

நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். பக்கத்துக் கம்பெனியில் வெடி விபத்து நடந்ததிலிருந்து, எந்தச் சத்தம் கேட்டாலும் எனக்கு நெஞ்சு படபடக்கும். மருமகள் போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, "அத்தை, கண்ணுக்குக் கீழ, நெஞ்சுலன்னு விரலால தட்டுங்க, பயம் போயிரும்" என்று தினமும் உயிரை எடுத்தாள்.

ஒருநாள் வேலையில் படபடப்பு வந்தது. கூச்சப்பட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு தட்டினேன். விரலெல்லாம் வெடிமருந்து! கண் எரிந்து, பார்வை மங்கிவிட்டது. போர்மேன் தண்ணீரை ஊற்றிக் கழுவி, ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நல்லவேளை, கண் தப்பியது.

"மருந்துக் கையோடயா தட்டுனீக?" என்று மருமகள் என்னையே வைகிறாள். கையைக் கழுவச் சொல்ல அவளுக்கும் தோன்றவில்லை, அந்தப் போனுக்கும் தோன்றவில்லை!

தட்டினால் கொஞ்சம் அடங்கத்தான் செய்கிறது. அதனால் வீட்டில் குளித்த பிறகுதான் தட்டுகிறேன். வேலைநேரத்தில் பயம் வந்தால் எழுந்து வெளியே போய் நிற்கிறேன். போர்மேன் முறைத்தால் முறைக்கட்டும்.