அளவெடுத்த அரைமணி நேரம்

மலேசியாவில், பாலோ என்ற ஊரில் தையல் கடை வைத்திருக்கிறேன். வேலை வாங்கித் தருவதாக ஏமாற்றி விற்கப்பட்டு, பிறகு மீட்கப்பட்ட பெண்களுக்கு அங்கேயே ஆரி வேலை கற்றுக்கொடுக்கிறேன். அவர்களில் ரேவதி (பெயரை மாற்றியிருக்கிறேன்) படு கெட்டிக்காரி.

தீபாவளி ஆர்டர் பிடிப்பதற்காக, அவள் தைத்த ரவிக்கையோடு அவளையும் நிற்கவைத்துப் படமெடுத்து ஃபேஸ்புக்கில் போட்டேன். புத்தி கெட்டவள் நான்!

மூன்றாம் நாள், கழுத்து நிறைய நகையும் கையில் பட்டுத் துணியுமாக ஒருத்தி வந்தாள். "படத்துல இருக்கிற பொண்ணுதான் எனக்குத் தைக்கணும். கூப்பிடுங்க" என்றாள்.

கூப்பிட உள்ளே போனேன். திரைக்குப் பின்னால் ரேவதி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, என்னை வித்தவ இவதான். தேடி வந்துட்டா."

வழிகாட்டியது நான்தான். அளவுநாடாவை எடுத்தேன்.

"நீ போலிசுக்குப் போன் அடி. நான் அவள அளவெடுக்கிறேன்."

தோள், கை, முதுகு என்று ஒவ்வொன்றையும் மூன்று முறை அளந்தேன்.

"இன்னுமா முடியல?"

"தீபாவளி பிளவுஸ் லா. அளவு தப்பக்கூடாது. ரெண்டு கையையும் தூக்குங்கம்மா."

தூக்கினாள். அப்படியே நிற்கும்போதுதான் போலிஸ் உள்ளே வந்தது.

இப்போது நான் போடும் படங்களில் துணியும் விரல்களும் மட்டும்தான் இருக்கும், முகம் இருக்காது. அந்த நகைக்காரி விட்டுப்போன பட்டுத் துணியை ரேவதி மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டியிருக்கிறாள். புதிதாக வரும் பெண்களெல்லாம் அதில்தான் ஊசி குத்திப் பழகுகிறார்கள்.

"இன்னும் ஆழமா குத்துங்க" என்பாள் ரேவதி.